டாக்டர் பட்டம் கையில் இருக்கு... ஊசி போட முடியாது! 300 கேள்வியில் சிக்கித் தவிக்கும் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பட்டதாரிகள்

ரஷியா, கிர்கிஸ்தான், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளில் டாக்டருக்கு படித்து விட்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவ- மாணவிகள் ஊர் திரும்புகிறார்கள். விமான நிலையத்தில் மாலை மரியாதை நடக்கும். தெருவில் "டாக்டர் தம்பி வந்தாச்சு" என்று பேச்சு கிளம்பும். பக்கத்து வீட்டு ஆயா மறுநாள் காலையிலேயே பிரஷர் பார்க்க கையை நீட்டிக் கொண்டு வந்து விடுவார்.

ஆனால் அந்த தம்பி சட்டப்படி அவருக்கு ஒரு மாத்திரை கூட எழுதிக் கொடுக்க முடியாது. ஏன் என்றால் இந்தியாவில் அவர் இன்னும் டாக்டர் கிடையாது. 300 மார்க் பரீட்சை ஒன்று நடுவில் நிற்கிறது. அதில் 150 எடுத்தால்தான் அடுத்த படி.

எப்.எம்.ஜி.இ. என்று சுருக்கமாக சொல்லப்படும் வெளிநாட்டு மருத்துவ பட்டதாரிகள் தேர்வுதான் அது. 2002-ம் ஆண்டில் இருந்து நடக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய தேர்வு வாரியம் வருடத்துக்கு 2 முறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று நடத்துகிறது. இந்த பரீட்சையில் ரேங்க் கிடையாது, முதல் மார்க் வாங்கினால் பரிசும் கிடையாது. 150 எடுத்தவரும் பாஸ், 250 எடுத்தவரும் பாஸ். 149 எடுத்தால் மட்டும் பெயில்.

பாதிக்குப் பாதி மார்க் எடுத்தால் போதும் என்றால் ஈசியாகத்தானே இருக்கணும்? 2025 ஜூன் சுற்றில் பரீட்சை எழுதியவர்கள் 36 ஆயிரத்து 34 பேர். தேறியவர்கள் 6 ஆயிரத்து 707 பேர். அதாவது 5 பேர் எழுதினால் ஒருவர் கூட முழுசாக தேறவில்லை. மற்ற சுற்றுகளிலும் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது பேர் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது.

இதில் வீட்டு கதை தனி. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, கல்விக்கடன் வாங்கி அனுப்பிய குடும்பங்கள்தான் அதிகம். படிப்பு முடிந்து சுமார் ஒரு வருஷத்தில் பேங்க் தவணை கேட்க ஆரம்பித்து விடும். பையன் மூன்றாவது தடவையும் பரீட்சை எழுதிக் கொண்டிருப்பான். அப்பா கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவிப்பார்.

முதல் வருஷ பாடம்தான் வில்லன்

கேள்வித்தாளில் என்னதான் இருக்கிறது? மொத்தம் 19 பாடம். காலையில் 150 கேள்வி, மதியம் 150 கேள்வி. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டரை மணி நேரம். எல்லாமே 4 பதிலில் ஒன்றை தேர்ந்தெடுக்கும் கேள்விகள். முழுக்க இங்கிலீசில்தான் கேட்பார்கள்.

300-ல் சரியாக 100 கேள்வி அடிப்படை பாடங்களில் இருந்து வருகிறது. உடல் உறுப்புகளின் அமைப்பை சொல்லும் அனாட்டமி, அவை வேலை செய்யும் விதத்தை சொல்லும் பிசியாலஜி, உடம்புக்குள் நடக்கும் ரசாயனத்தை சொல்லும் பயோகெமிஸ்ட்ரி, இந்த மூன்றிலும் தலா 17 கேள்வி. நோய் பற்றிய பேத்தாலஜி, கிருமி பற்றிய மைக்ரோபயாலஜி, மருந்து பற்றிய பார்மகாலஜி, மூன்றிலும் தலா 13. போஸ்ட்மார்ட்டம், விஷம், சட்டம் எல்லாம் வரும் தடயவியல் மருத்துவத்தில் 10. கூட்டினால் 100.

சிக்கல் இங்கேதான். அனாட்டமியை முதல் வருஷம் படித்திருப்பார்கள். பரீட்சைக்கு உட்காரும்போது 6 வருஷம் ஓடிப் போயிருக்கும். 18 வயதில், புது ஊரில், பனியில் நடுங்கிக் கொண்டு, சாப்பாடு பிடிக்காமல், பாஷை தெரியாமல் படித்த பாடம் அது. அப்போது மனப்பாடம் செய்து எழுதி பாஸ் ஆகி இருக்கலாம். இப்போது கேட்டால் நரம்பு பெயர் ஒன்று கூட நினைவுக்கு வராது. கடைசி வருஷ பாடம் கொஞ்சம் தெரியும், முதல் வருஷ பாடம் சுத்தமாக போய் விட்டது என்பதுதான் நிறைய பேரின் நிலைமை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குளிர் நாடுகளில் படித்தவர்கள் நம்மூர் நோய்களை வார்டில் பார்த்திருக்கவே மாட்டார்கள். டெங்கு, மலேரியா, பாம்புக்கடி, பூச்சி மருந்து குடித்தவர் எல்லாம் அவர்களுக்கு புத்தகத்தில் படித்த சங்கதி. நோயாளி ரஷிய மொழியில் பேசுவார். மாணவருக்கு பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் இங்கே பரீட்சையில் கேட்பது நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் தினமும் நடப்பதைத்தான்.

நம்ம தெரு சமாசாரம்தான் கேள்வி

இந்த பரீட்சையில் கேட்கப்படும் வகை கேள்விகளை பார்த்தால் சாதாரண ஜனங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரியும்.

வண்டியில் இருந்து விழுந்து மேல் கை எலும்பு நடுவில் உடைந்து விட்டது. மணிக்கட்டு தொங்கிப் போச்சு, தூக்க முடியவில்லை. எந்த நரம்பு அடிபட்டது? இது அனாட்டமி கேள்வி. பதில் ரேடியல் நரம்பு. அந்த எலும்பை ஒட்டியே அது சுற்றிக் கொண்டு போகிறது. படத்தை ஒரு தடவை மனசில் பதிய வைத்தவர் சாகும் வரை மறக்க மாட்டார். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஒரே வாரத்தில் மறந்து விடுவார்.

வயலில் மருந்து அடித்தவர் மயங்கிக் கிடக்கிறார். வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் கருமணி குண்டூசி முனை மாதிரி சுருங்கி விட்டது. என்ன கொடுக்கணும்? அட்ரோபின். இந்த ஒரே கேள்வியில் பார்மகாலஜியும் இருக்கு, தடயவியலும் இருக்கு, பொது மருத்துவமும் இருக்கு. ஒன்றை புரிந்து படித்தால் மூன்று பாடத்திலும் மார்க்.

பாம்புக்கடியும் அப்படித்தான். நம் நாட்டில் அதிகம் உயிரை வாங்குவது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் நரம்பு மண்டலம் அடங்கும், கண் இமை தானாக மூடும், மூச்சு திணறும். மற்ற இரண்டும் கடித்தால் ரத்தம் உறையாது. கண்ணாடி குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்த்தால் உறைந்ததா இல்லையா என்று தெரிந்து விடும். பைசா செலவில்லாத டெஸ்ட். பரீட்சையில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு சென்னைக்கு பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்கு உண்டு. மாஸ்கோவில் படித்தவருக்கு இது புதுசாக இருக்கலாம். மாமல்லபுரம் பஸ்சில் போகிறவர்களுக்கு தெரிந்த இடம்தான்.

நாய்க்கடிக்கு முதல் வேலை என்ன? ஊசி என்று சொன்னால் மார்க் போச்சு. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தால் காயத்தை சுற்றி தனியாக ஒரு மருந்தும் போடணும், தடுப்பூசி மட்டும் போதாது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி. இந்த நாள் கணக்கை மாற்றிப் போட்டு 4 பதில் கொடுத்து குழப்புவார்கள்.

காச நோய்க்கு 6 மாத மாத்திரை. முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து. அதில் எந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும்? ரிபாம்பிசின். எந்த மருந்து கண் பார்வையை பாதிக்கும், சிவப்பு- பச்சை தெரியாமல் செய்யும்? எத்தாம்புட்டால். இது மார்க் மட்டும் இல்லை. இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு.

அடுத்தது சமூக மருத்துவம். 30 கேள்வி. இது வெளிநாட்டில் படித்தவர்களை நன்றாக கவிழ்க்கும் பாடம். சமவெளியில் எத்தனை பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்? 30 ஆயிரம் பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம்? 5 ஆயிரம் பேருக்கு ஒன்று. குழந்தைக்கு 9 மாதத்தில் கொடுக்கும் வைட்டமின் ஏ எவ்வளவு? ஒரு லட்சம் யூனிட். இதை எல்லாம் கிராம சுகாதார நர்சுகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 6 வருஷம் வெளிநாட்டில் படித்தவர் முழிப்பார். அவரை குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை, அங்கே இதை யாரும் சொல்லித் தரவில்லை.

திரும்ப திரும்ப படித்தால் போதுமா?

தோற்றவர்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள் இல்லை. தினமும் 12 மணி நேரம், 14 மணி நேரம் உட்கார்ந்து படிப்பவர்கள். சென்னையில் வாடகை அறையில் 4 பேர் சேர்ந்து தங்கி, ஒரு வேளை சாப்பிட்டு படிக்கும் கூட்டம் இருக்கிறது. தப்பு படிக்கும் முறையில் இருக்கிறது.

ஒரே நோட்சை 5 தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். வரிக்கு வரி பழகின முகம் மாதிரி தெரியும். ஆனால் புத்தகத்தை மூடி விட்டு கேட்டால் வாய் வராது. பரீட்சையில் புத்தகம் மூடித்தானே இருக்கும்! அதனால் படித்து முடித்ததும் மூடி வைத்து விட்டு, வெள்ளை பேப்பரில் நினைவில் இருப்பதை எழுதிப் பார்க்கணும். அதே பாடத்தை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு திரும்ப எடுக்கணும். ஒரே நாளில் 10 மணி நேரம் அனாட்டமி படிப்பதை விட, 10 நாள் ஒரு மணி நேரம் படிப்பது நிற்கும். மூளை எப்படி ஞாபகம் வைக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்லி வரும் விஷயம் இது.

அதோடு தப்பு நோட்டு. மாதிரி தேர்வில் தப்பாக போட்ட கேள்வியை மட்டும் தனி நோட்டில் எழுதி வைக்கணும். அது மட்டுமில்லாமல் ஏன் தப்பு போச்சு என்றும் ஒரு வரி. தெரியாமல் போச்சா, தெரிந்தும் கேள்வியை சரியாக படிக்காமல் போச்சா? 'இதில் எது சரியல்ல' என்று கேட்டிருப்பான். அவசரத்தில் சரியானதை தேர்ந்தெடுத்து விட்டு வருவார்கள். கடைசி 10 நாளில் பெரிய புத்தகத்தை தொடாமல் இந்த நோட்டை மட்டும் புரட்டினால் போதும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அடிப்படை பாடம் 100 கேள்வியில் 70 எடுத்து விட்டால், மீதி 200-ல் 80 எடுத்தால் போதும். அதாவது நூற்றுக்கு 40. அடிப்படையில் 35-ல் நின்று விட்டால் மீதியில் 115 எடுக்கணும், மூச்சு முட்டி விடும். அதே போல மனநலம், தோல், மயக்க மருந்து, எலும்பு, எக்ஸ்-ரே, கதிர்வீச்சு சிகிச்சை ஆகிய 6 குட்டிப் பாடங்களில் தலா 5 கேள்வி. சேர்த்தால் 30. கண்ணும், காது-மூக்கு-தொண்டையும் தலா 15. இவை சின்ன புத்தகம். இதை கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டவர்கள் 140, 145 என்று நின்று போகிறார்கள்.

தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பு கிடையாது. ஆகவே ஒரு கேள்வியைக் கூட காலியாக விடக் கூடாது. சுத்தமாக தெரியாத 40 கேள்விக்கு குத்துமதிப்பாக போட்டாலும் சராசரியாக 10 சரியாக விழும். 10 மார்க்கில் வாழ்க்கை மாறியவர்கள் இருக்கிறார்கள்.

பல் டாக்டருக்கும் இதே கதைதான்

வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்களுக்கும் தனியாக ஒரு ஸ்கிரீனிங் தேர்வு உண்டு. அதையும் இதே வாரியம்தான் நடத்துகிறது. இங்கேயே பி.டி.எஸ். முடித்து எம்.டி.எஸ். போக நினைப்பவர்களுக்கு நீட்- எம்.டி.எஸ். தேர்வு. 240 கேள்வி, 960 மார்க். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். அதனால் இங்கே குருட்டாம்போக்கு அவ்வளவாக செல்லாது. இதிலும் அனாட்டமி, பிசியாலஜி, பார்மகாலஜி எல்லாம் வரிசை கட்டி நிற்கும்.

பல் பிடுங்க வருபவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. என்ன செய்யணும்? பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் கொடுக்கணும். இல்லாவிட்டால் வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்கார்ந்து விடலாம். பல் டாக்டருக்கு எதுக்கு இதயம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா என்று பல் டாக்டர் கேட்டால் எரிச்சல் படாமல் சொல்லி விடணும்.

பால் பல் 20, நிலைத்த பல் 32. முதல் கடவாய்ப் பல் எப்போது முளைக்கும்? 6 வயதில். அது எந்த பால் பல்லும் விழாமலே, வரிசைக்கு பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். நிறைய வீட்டில் இதை பால் பல் என்று நினைத்து, சொத்தை ஆனால் "விழுந்து முளைச்சுக்கும்" என்று விட்டு விடுகிறார்கள். அது திரும்ப முளைக்காது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் பல்லில் பழுப்பு கறை உள்ளவர்கள் ஏராளம். போர் தண்ணீரில் உள்ள புளோரைடுதான் காரணம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் ஒன்றரை வரை அனுமதி. இதுவும் பரீட்சைக்கு வரும்.

குறுக்கு வழியில் போனால்...

பல தடவை தோற்றவர்களில் சிலர் கிளினிக்குகளில் 'டியூட்டி டாக்டர்' என்ற பெயரில் நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதால் வைத்துக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டினால் 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய சட்டப்படி ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விழலாம். 2022 டிசம்பரில், பரீட்சையில் தேறாமலேயே பதிவு வாங்கி விட்டதாக வெளிநாட்டில் படித்த 73 பேர் மீதும், 14 மாநில மருத்துவ கவுன்சில்களின் அதிகாரிகள் மீதும் சி.பி.ஐ. வழக்கு போட்டு, 91 இடங்களில் சோதனை நடத்தியது.

பாஸ் ஆனாலும் மறுநாளே கிளினிக் திறக்க முடியாது. மருத்துவ கவுன்சிலில் தற்காலிக பதிவு வாங்கி, ஒரு வருடம் பயிற்சி டாக்டராக வேலை பார்க்கணும். ஒரு மருத்துவ கல்லூரியில் உள்ள இடங்களில் ஏழரை சதவீதம் வரைதான் வெளிநாட்டு பட்டதாரிகளுக்கு இந்த பயிற்சி என்று வரம்பு இருப்பதால், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையை அனுப்பும் முன்பு

2021 நவம்பர் 18-க்கு பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்கு விதிமுறை இறுகி விட்டது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கணும். பாடம் இங்கிலீசில் நடக்கணும். படித்த அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி முடிக்கணும். சேர்ந்த நாளில் இருந்து 10 வருடத்துக்குள் எல்லாம் முடியணும். அந்த நாட்டிலேயே டாக்டர் தொழில் செய்ய தகுதி தரும் பட்டமாகவும் இருக்கணும். இதற்கெல்லாம் முன்னால் இங்கே நீட் தேர்வில் தகுதி மார்க் எடுத்திருக்கணும். இதில் ஒன்று இடித்தாலும் எப்.எம்.ஜி.இ. எழுதவே முடியாமல் போகலாம். ஏஜெண்டு வாயால் சொல்வதை நம்பாமல், காலேஜில் இருந்து எழுத்து மூலமாக வாங்கிப் பார்ப்பது நல்லது. வருங்காலத்தில் எப்.எம்.ஜி.இ.-க்கு பதிலாக, உள்நாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து நெக்ஸ்ட் என்று ஒரே தேர்வு வரும் என்று சட்டத்தில் இருக்கிறது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

சிகிச்சைக்கு போகிறவர்கள் ஒன்றை கவனிக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள டாக்டர்கள் பட்டியலில் பெயரையோ, அந்த எண்ணையோ போட்டால் விவரம் வந்து விடும். செல்போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது.